அப்பா பொதிகையில் வருவார்

சனிக்கிழமை காலை, தென்காசி ஜங்ஷன். ராத்திரி முழுக்க ஓடிவந்த பொதிகை எக்ஸ்பிரஸ் கடையநல்லூரைத் தாண்டிவிட்டதாகச் செல்போன் காட்டியதும் ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டர்கள் சேர ஆரம்பிக்கின்றன. ஓட்டி வந்தவர்களில் பெண்களே அதிகம். முன்னால் நிற்கிற பிள்ளைக்கு இன்னும் தூக்கம் கலையவில்லை. ஆனாலும் அம்மாவை முந்திக்கொண்டு நடைமேடைக்கு ஓடுவது அதுதான். ரயில் நிற்கிறது. முதுகில் லேப்டாப் பையும் கையில் பலகாரப் பையுமாக இறங்குகிறவர்கள் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவதில்லை. ஸ்கூட்டர் சாவியை வாங்கிக்கொள்கிறார்கள், பிள்ளையை முன்னால் ஏற்றிக்கொள்கிறார்கள், குற்றாலம் சாலையில் திரும்பி மறைகிறார்கள். பத்து நிமிடத்தில் வாசல் வெறிச்சோடிவிடுகிறது.

ஊருக்கு வந்த விருந்தாளிகள் இப்படி நடந்துகொள்வதில்லை. இவர்கள் ஆபீஸ் விட்டு வீடு திரும்புகிறவர்கள். ஆபீஸ் சென்னையில் இருக்கிறது; வீடு மேலகரத்திலோ இலஞ்சியிலோ இருக்கிறது; நடுவில் 650 கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம் கிடக்கிறது.

புறநகர் என்றதும் தமிழ்நாட்டுக்காரர் மனதில் வருவது தாம்பரம், குரோம்பேட்டை. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தபின் அந்தத் தண்டவாளத்தின் இரு பக்கமும் ஊர்கள் தடித்தன. காலையில் டிபன் பாக்ஸோடு போய் மாலையில் காய்கறியோடு திரும்புகிறவர்களின் ஊர்கள் அவை. லண்டனிலும் மும்பையிலும் இதே கதைதான்: சம்பாதிக்கிறவர் தினம் போய்வரக்கூடிய தூரம் எதுவோ, அதுவரை நகரம் நீளும். தென்காசியைச் சுற்றி வளர்ந்துவரும் புறநகருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இங்கே சம்பாதிக்கிறவர் வாரம் ஒருமுறை வருகிறார், அல்லது மாதம் ஒருமுறை. வடகரைப் பக்கம் போனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. தினமும் போய்வருகிறவர்கள் பிள்ளைகளும் பெண்களும் பெரியவர்களும். ஆகவே வீட்டை எங்கே வைப்பது என்று யோசித்தபோது அவர்களுடைய தூரம்தான் அளக்கப்பட்டது. பள்ளிக்கூடம் எத்தனை நிமிடம்? ஆஸ்பத்திரிக்கு நடுராத்திரியில் ஆட்டோ கிடைக்குமா? ஆச்சி தனியாகக் கோயிலுக்குப் போய்த் திரும்ப முடியுமா?

நடுவில் ஐந்து கிலோமீட்டர்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே ஐந்து கிலோமீட்டர்தான். ஒன்று, 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பத் தொடங்கிய காசி விசுவநாதர் கோயிலைச் சுற்றிக் கடையும் கச்சேரியுமாக வளர்ந்த நகரம். இன்னொன்று, வருடத்தில் மூன்று நான்கு மாதம் தூங்காமலும் மீதி மாதங்களில் விழிக்காமலும் இருக்கிற ஊர். இரண்டுக்கும் நடுவே சாலையோரம் மேலகரமும் நன்னகரமும். செங்கோட்டைப் பக்கமாகச் சற்றுத் தள்ளி இலஞ்சி. குற்றாலத்தை ஒட்டிக் காசிமேஜர்புரம். மேல் அகரம், நல் நகரம். வீட்டுமனை விற்கிறவர்கள் இன்றைக்கு யோசித்து வைக்கிற பெயர்களை நம் ஆட்கள் சில நூற்றாண்டுக்கு முன்பே வைத்துவிட்டார்கள்.

மேலகரத்தில் குடியிருந்துகொண்டு குற்றாலத்தில் மனதை வைத்திருந்தவர்களில் முதல் ஆளாகத் திரிகூடராசப்பக் கவிராயரைத்தான் சொல்ல வேண்டும். ஊர் மேலகரம், பாடியது குற்றாலக் குறவஞ்சி. மதுரையை ஆண்ட முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் அந்தப் பாட்டுக்குப் பரிசாக நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் வந்தது. பாட்டுக்கு மனை கிடைத்த காலம் அது. இப்போது அதே வட்டாரத்தில் மூன்று சென்ட் மனைக்கு இருபது வருட வங்கிக் கடன்.

இந்த ஐந்து கிலோமீட்டர் திடீரென்று நிரம்பியதற்குப் பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. முதல் காரணம் ரயில். தென்காசிக்கு ரயில் புதிதல்ல. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வரை 1903இல் மீட்டர் கேஜ் வந்துவிட்டது, மறு வருடமே மலையைக் குடைந்து கொல்லத்தோடு இணைத்துவிட்டார்கள். ஆனால் விருதுநகர் பாதை அகலப்பாதையாக மாறியது 2004இல். திருநெல்வேலி–தென்காசி பாதைக்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை முழுதாகத் திறந்தது 2018இல். ஏறிப் படுத்தால் விடியும்போது சென்னையிலோ ஊரிலோ இருக்கலாம் என்று ஆனபின், ‘குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடு’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பேச்சு குறைந்துபோனது.

இரண்டாவது காரணம் மாவட்டம். 2019 நவம்பர் 22 வரை இந்தப் பகுதி திருநெல்வேலி மாவட்டம். கலெக்டரிடம் ஒரு மனு கொடுக்க 55 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். காலையில் போனால் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். தென்காசி தலைநகரானதும் துறைக்கு ஒரு மாவட்ட அலுவலகம் வந்தது. அலுவலகத்துக்கு அதிகாரிகள், ஊழியர்கள். அவர்களுக்கு வாடகை வீடு. ‘டூலெட்’ பலகை தொங்கவிட்டால் அது வெயிலில் வெளுப்பதற்குள் ஆள் வந்துவிடுகிறது என்று வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

மூன்றாவது, 2020 ஊரடங்கு. சென்னை, பெங்களூரு வீடுகளைக் காலிசெய்துவிட்டு லேப்டாப்போடு வந்தவர்கள், ‘ஒரு மாதம்’ என்றுதான் வந்தார்கள். பிள்ளைகள் ஆச்சி வீட்டுத் திண்ணையில் ஆன்லைன் வகுப்புப் படித்தார்கள். கம்பெனிகள் திரும்பக் கூப்பிட்டபோது அப்பா மட்டும் போனார். குடும்பம் போகவில்லை. பத்து மாத அட்வான்ஸ், ஸ்கூல் வேன், தண்ணீர் லாரி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. பல வீடுகளில் அந்தக் கணக்கைப் போட்டது அம்மாதான்.

பள்ளிக்கூடம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலஞ்சியில் ராமசாமிப் பிள்ளை மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. குற்றாலத்தில் 1964இல் தொடங்கிய பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. தென்காசிக்குள் அரசுப் பள்ளி, மெட்ரிக் பள்ளி, சிபிஎஸ்இ என்று வசதிக்கேற்ப உண்டு. அதாவது ஒரு பெண்பிள்ளை எல்கேஜியிலிருந்து பட்டம் வரை விடுதியில் ஒருநாளும் படுக்காமல், டவுன் பஸ்ஸிலேயே படித்து முடித்துவிடலாம். பெற்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, இந்தப் பக்கம் மனை வாங்க வருகிறவர்கள் சதுர அடி விலைக்கு முன்னால் பஸ் ஸ்டாப் எங்கே என்று கேட்பதிலேயே தெரிந்துவிடும்.

‘தண்ணி விழுதா?’

ஜூன் பிறந்ததும் மேலகரத்து வீடுகளில் போன் அடிக்கத் தொடங்கும். விருதுநகரிலிருந்து சித்தப்பா, மதுரையிலிருந்து மதினி, பத்து வருடமாகப் பேச்சே இல்லாத கல்லூரித் தோழர். எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: “அருவில தண்ணி விழுதா?” விழுது என்றால் சனிக்கிழமை வண்டி வாசலில் நிற்கும். விழவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, டிவியில் காட்டிவிடுகிறார்கள்.

குற்றாலத்துப் பக்கம் வீடு கட்டியவருக்கு விருந்தாளி வரி என்று ஒன்று உண்டு. அதை மனமாரக் கட்டியவர் ரசிகமணி டி.கே.சி. வக்கீலாகவும் அறநிலையப் பாதுகாப்பு வாரியத்தின் ஆணையராகவும் இருந்துவிட்டு, குற்றாலத்துக்கே வந்து குடியேறி 1954இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கிப் போன வீடு அது. கம்பன் பாட்டு ஒரு பக்கம், அந்த வீட்டு இட்லி ஒரு பக்கம் என்று வந்தவர்கள் எழுதித் தீர்த்திருக்கிறார்கள். இட்லிக்கு மாவாட்டியவர்களைப் பற்றி யாராவது நாலு வரி எழுதியிருந்தால் இன்றைக்கு மேலகரத்தில் மனை பார்க்கிறவர்களுக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

சாரல் என்பது சினிமாவில் வருவதுபோல் வந்து நனைத்துவிட்டுப் போகிற சங்கதி இல்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று புகுந்துவிட்டால், நாள் கணக்கில் மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் ஓர் ஈரம் காற்றில் நிற்கும். குடை பிரயோஜனம் இல்லை. குடைக்கு அடியிலும் நனையும், குடையும் திரும்பிக்கொள்ளும். காலையில் கொடியில் போட்ட சட்டை மறுநாள் காலையும் அதே ஈரத்தோடு தொங்கும். பீரோவில் பட்டுச்சேலை பூஞ்சணம் பிடிக்கும். உப்பு ஜாடியில் தண்ணீர் கசியும். சென்னையிலிருந்து வந்த முதல் ஆடியில் எல்லோரும் வாட்ஸப்பில் மலையைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். இரண்டாவது ஆடியில் துணி உலர்த்தும் மெஷின் விலை விசாரிக்கிறார்கள்.

சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் மேலகரத்திலிருந்து குற்றாலம் போக வேண்டிய அவசரம் யாருக்கும் வரக்கூடாது. வேனும் காரும் பைக்குமாக ஐந்து கிலோமீட்டரும் அடைத்துக் கிடக்கும். உள்ளூர்க்காரர்கள் அருவிக்குப் போவதே வேறு கணக்கு: வார நாள், விடியற்காலை நான்கு மணி, கையில் ஒரு துண்டு. ஐந்தருவியா, பழைய குற்றாலமா, பேரருவியா என்பதை முதல்நாள் மேகத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். வெளியூர்க்காரர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கத் தொடங்கும் நேரத்தில் இவர்கள் வீட்டில் இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

அருவியின் மறுபக்கமும் இவர்களுக்குத்தான் தெரியும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அருவிக் கரையில் வெள்ளத்துக்கான அடையாளம் ஏதும் தெரியவில்லை. மழை பெய்தது மேலே, மலைக்குள். அதே வருடம் டிசம்பரில் பேரருவி பாதுகாப்பு வளைவையே மறைத்துக் கொட்டியது. மலையடிவாரத்தில் குடியிருப்பது என்றால் நம் தலைக்கு மேல் பெய்யாத மழையையும் கணக்கில் வைத்துக்கொள்வது.

கீழ்ப்பிடாகை

தென்காசியிலிருந்து வடமேற்கே, பண்பொழித் திருமலைக் கோயில் குன்றை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு போனால் வடகரை. செங்கோட்டை ஒரு பக்கம், கடையநல்லூர் ஒரு பக்கம், தெற்கே தென்காசி. எந்த ஊருக்கும் பஸ்ஸில் அரை மணி, முக்கால் மணி. அரசு ஏடுகளில் இந்தப் பேரூராட்சியின் முழுப்பெயர் வடகரை கீழ்ப்பிடாகை. பிடாகை என்பது கல்வெட்டுக் காலத்திலிருந்தே இருக்கிற சொல். பெரிய ஊரைச் சேர்ந்த உட்கிடை ஊர் என்று பொருள். புறநகர் என்று நாம் இப்போது சொல்வதற்கு மிக அருகில் இருக்கிற பழைய தமிழ் வார்த்தையைத் தன் பெயரிலேயே சுமந்துகொண்டிருக்கிறது இந்த ஊர். பாளையக்காரர் காலத்தில் சொக்கம்பட்டிப் பாளையத்துக்கும் வடகரை என்றொரு பெயர் இருந்தது. வடகரை என்ற பெயருக்கு இந்தச் சீமையில் செல்வாக்கு அதிகம். சாம்பவர் வடகரை என்று இன்னொரு பேரூராட்சியும் உண்டு. தபாலும் கூரியரும் மாறிப்போவது புதிதாகக் குடிவந்தவர்களுக்கு முதல் பாடம்.

மேலகரத்துப் பிள்ளைகள் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தால், வடகரைப் பிள்ளைகளில் பலர் பெருநாளுக்காகக் காத்திருக்கிறார்கள். கடையநல்லூர், அச்சன்புதூர், வடகரை என்று இந்தப் பட்டை முழுக்க வளைகுடாவுக்குப் போன வீடுகள் உண்டு. “வாப்பா சபர் போயிருக்காவ” என்றால் துபாயோ சவுதியோ கத்தாரோ, எங்கேயோ வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். இரண்டு வருடம் அங்கே, இரண்டு மாதம் இங்கே. விமானம் ஏறுவதற்குப் பலருக்கும் பக்கம் திருவனந்தபுரம். மலையைத் தாண்டினால் நூறு கிலோமீட்டரைச் சற்றே விஞ்சும் தூரம். கேரளத்து மலபாரில் இப்படி வளைகுடாப் பணத்தில் எழுந்த ஊர்களைப் பற்றி ஆராய்ச்சிகளும் சினிமாக்களும் ஏராளம். மலைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் மெனக்கெடவில்லை.

இந்த வீடுகளை நடத்துவது உம்மாக்கள். வீட்டுக்கு மாடி எடுப்பதிலிருந்து கொத்தனார் கூலி, பிள்ளையின் பிளஸ் டூ குரூப், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, தோப்புக் குத்தகை வரை தீர்மானம் அவர்களுடையது. வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் வருகிறவர், வீட்டுக்குப் பூசப்போகும் பெயின்ட் நிறத்தில் கருத்துச் சொல்லலாம். பெரும்பாலும் அது ஏற்கெனவே பூசப்பட்டிருக்கும்.

கொஞ்ச காலமாக வடகரைக்கு வேறொரு கூட்டமும் வருகிறது. தென்காசிக்கு உள்ளேயும் மேலகரத்திலும் மனை விலை எட்டாமல் போனவர்கள். கல்யாண வயதில் பெண் இருக்கிற வீட்டுக்கு, மேலகரத்தில் வீடு என்பது கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது. வடகரையில் வீடு என்பது ஸ்கூட்டருக்குக் கூடுதல் பெட்ரோல். இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வந்தபின் தெரிகிறது, இங்கே பக்கத்து வீட்டுக்காரர் யானையாகவும் இருக்கலாம் என்று.

விளையாட்டுப் பேச்சில்லை. மேக்கரையில் அனுமன் நதியின் குறுக்கே 132 அடி உயர அடவிநயினார் அணை இருக்கிறது. அதற்கு மேலே காடு. மேக்கரை, வடகரைப் பக்கத்துத் தோப்புகளில் யானைகள் இறங்கி தென்னையைச் சாய்ப்பதும், நெல்லை மிதிப்பதும், மாமரக் கிளையை ஒடிப்பதும் வருடா வருடம் செய்தித்தாளில் வருகிற சங்கதி. நஷ்டஈடு கேட்டு விவசாயிகள் நடப்பதும் வருகிறது. வனத்துறை பட்டாசு வெடித்து விரட்டும். யானை மலைக்குப் போகும், பிறகு வரும். அதன் கணக்கில் பார்த்தால் குடிவந்தவர்கள் யார், பூர்வகுடி யார் என்பதில் அதற்குச் சந்தேகமே இருக்காது. ஊருக்குள் இருக்கிற தெருக்களுக்கு இந்தப் பயம் இல்லை. மலையைப் பார்த்த மனை வேண்டும் என்று தோப்பு ஓரமாக ஒதுங்குகிறவர்களுக்குத்தான்.

வேலையே வீட்டுக்கு வந்தால்

வாரம் ஒருமுறை ஆளை அனுப்புவதற்குப் பதிலாக வேலையையே இங்கே அனுப்பிவிட்டால்? இந்த யோசனையைச் செய்து பார்த்த இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. தென்காசியிலிருந்து கடையம் போகிற சாலையில் மத்தளம்பாறை. 2011இல் ஜோஹோ நிறுவனம் அங்கே அலுவலகம் திறந்தது. உலகம் முழுக்க வாடிக்கையாளர்கள் உள்ள மென்பொருள் கம்பெனி, வயலுக்கு நடுவே எதற்கு வருகிறது என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. 2019இல் அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவை விட்டு வந்து அந்தக் கிராமத்திலேயே குடியேறினார். 2021இல் பத்மஸ்ரீ. 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டுத் தலைமை விஞ்ஞானி ஆனார். கல்லூரிக்குப் போகாமல், பள்ளி முடித்ததும் பயிற்சி பெற்று வேலைக்குச் சேர வழிசெய்யும் ஜோஹோ பள்ளியும் இங்கே நடக்கிறது.

இதனால் மேலகரத்தில் நடந்தது என்ன? வேலைக்குப் போய் அதே நாள் மாலை வீட்டுக்கு வருகிற மென்பொருள்காரர் என்ற புதுவகை ஆள் தோன்றினார். பெண் பார்க்கும் பேச்சில் ‘பையன் ஐடி, ஆனா உள்ளூர்லயே’ என்று ஒரு வரி சேர்ந்தது. ஆனால் எல்லோருக்கும் அங்கே இடம் இல்லை. ஒரு கம்பெனி ஒரு வட்டாரத்தின் பொதிகைக் கூட்டம் முழுவதையும் இறக்கிவிட முடியாது. சனிக்கிழமைக் காலை ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும்.

ஜோஹோவுக்கு வெகு காலம் முன்பே, வேலையை ஊருக்குக் கொண்டுவந்த இன்னொருவர் உண்டு. ஆய்க்குடி ராமகிருஷ்ணன். என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தபோது, 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். சொந்த ஊருக்கே திரும்பி 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருந்த பட்டயக் கணக்காளர் சங்கரராமன் சென்னையிலிருந்து வந்து அவரோடு சேர்ந்தார். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிகிச்சை, பள்ளி, பயிற்சி என்று அது வளர்ந்து, 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பெருநகரத்து ஆஸ்பத்திரிக்கு அலைந்து ஓய்ந்த குடும்பங்கள் குழந்தைக்காக ஆய்க்குடிக்கு வருவது உண்டு. குடும்பத்துக்காக ஊர் மாறுவது என்ற பேச்சில் இதையும் சேர்க்காமல் விட முடியாது.

கல் நட்ட வயல்

இலஞ்சியிலிருந்து செங்கோட்டைப் பக்கம் போகிற சாலையில் கார் பருவத்திலும் பிசானப் பருவத்திலும் நெல் விளைந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். நடுநடுவே சில வயல்களில் நெல்லுக்குப் பதில் வெள்ளைக் கல் நட்டிருக்கும். செம்மண் சாலை போட்டு, வளைவில் ஒரு பெயர்ப்பலகை: ஏதோ ஒரு நகர். ஐந்து வருடத்துக்கு முன் அந்த வயலின் காற்றுக்காகப் பக்கத்தில் வீடு கட்டியவர், இப்போது தன் ஜன்னலுக்கு எதிரே இன்னொருவர் ஜன்னல் எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

விவசாய நிலத்தை இஷ்டத்துக்குக் கூறுபோட்டு விற்றதை 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்ற அந்த உத்தரவால் தமிழ்நாடு முழுக்க ரியல் எஸ்டேட் கொஞ்ச நாள் மூச்சடைத்து நின்றது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்கு ஒரு வழி கிடைத்தது. அதனால் இங்கே மனை பார்க்கிறவர்கள் பட்டா, வில்லங்கச் சான்று, டிடிசிபி அங்கீகார எண் மூன்றையும் கேட்கப் பழகிவிட்டார்கள். நாலாவதாகக் கேட்க வேண்டியதைப் பலர் கேட்பதில்லை: இந்த நிலம் எந்தக் குளத்துக்கு ஆயக்கட்டு? மடையும் வாய்க்காலும் எந்தப் பக்கம்? மலையடிவாரம் என்றால் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகிறதா? 2023 டிசம்பரில் தென் மாவட்டங்கள் மூழ்கியபோது, தண்ணீருக்குப் பழைய வாய்க்கால் ஞாபகம் இருந்தது. மனை வரைபடத்துக்குத்தான் இல்லை.

தண்ணீரையும் விலைக்கு விற்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் வேறு. மலையிலிருந்து இறங்கும் நீரோடையைத் திருப்பி, ரிசார்ட்டுக்குள் செயற்கை அருவி விழவைத்தார்கள் சிலர். விவகாரம் 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், அப்படிப்பட்ட ரிசார்ட்டுகள்மீது நடவடிக்கை எடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்தது சாலை. புளியரை வழியாகக் கேரளத்துக்கு எம் சாண்டும் ஜல்லியும் ஏற்றிப் போகும் லாரிகள், தென்காசி–செங்கோட்டைச் சாலையில் இரவும் பகலும் ஓடுகின்றன. பிள்ளையை ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் கொண்டுவிடுகிற அம்மாக்களின் புகார்ப் பட்டியலில் சாரலும் இல்லை, யானையும் இல்லை. முதலிடம் இந்த லாரிகளுக்குத்தான். பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடப் போகும் ஞாயிற்றுக்கிழமைக் குடும்பங்களும் இந்த லாரிகளுக்கு இடையில் நெளிந்துதான் போய்வர வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் வீடு கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த தெருவில் கான்கிரீட் போடுகிற சத்தம் கேட்கிறது. முதல் தளம் முடித்து, கம்பியை வானத்தைப் பார்த்து நிறுத்திவைத்திருக்கிறார்கள், மகன் வந்ததும் மாடி எடுக்கலாம் என்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே ஸ்கூட்டர்கள் ஸ்டேஷனுக்கு வருகின்றன. பொதிகை செங்கோட்டையிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருக்கிறது. இப்போது ஓட்டி வருவது அப்பா. பின்னால் அம்மா, மடியில் சாப்பாட்டுப் பை. எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு, தனியாக ஒரு பொட்டலத்தில் மோர் மிளகாய். பேச்செல்லாம் காரியப் பேச்சு. மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் மாற்ற வேண்டும். வீட்டு வரி ரசீது டிவி மேஜையில் இருக்கிறது. தீபாவளி டிக்கெட்டுக்கு முன்பதிவு முன்பெல்லாம் நான்கு மாதம் முன்னால் திறக்கும். 2024 நவம்பரிலிருந்து அறுபது நாள்தான். அந்தத் தேதிக்கு, காலை எட்டு மணிக்கு, இரண்டு போனிலும் அலாரம் வைத்தாகிவிட்டது. சின்னவன் மட்டும் எதுவும் பேசாமல் அப்பாவின் லேப்டாப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

ரயில் பாம்புக்கோவில் சந்தையைத் தாண்டுவதற்குள் ஸ்கூட்டர் மேலகரத்துக்குத் திரும்பிவிடும். மாடிக் கொடியில் அப்பாவின் நீலச் சட்டை கிடக்கிறது. சனிக்கிழமை வந்ததும் துவைத்துப் போட்டது, இன்னும் ஈரம் போகவில்லை. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னொரு கிளிப்பை மாட்டிவிட்டுக் கீழே இறங்குகிறாள்.